சுமக்கும் அட்டையும் காக்கும் கடமையும்

கேட்டல் என்பது தமிழர் பெரிதும் போற்றிய பண்பு. வள்ளுவப் பெருந்தகை கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், கேள்விக்கெனத் தனியே 42ஆம் அதிகாரத்தையும் வகுத்தார். நூல்களைக் கற்கும் வாய்ப்பில்லாதவரும் கேட்டறிந்து பயன்பெறலாம் என்பது அப்பெருமகனார் உள்ளக்கிடக்கை. இன்று நாம் அந்தக் கேள்விச் செல்வத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்கிறோம். பாட்டும் பேச்சும் கையடக்கப் பாட்டுப்பெட்டிகளுக்குள் அடங்கிவிட்டன. பெட்டிக்குள் இடம் போதவில்லையென்றால், விரல்நகத்தின் அளவே உள்ள நினைவட்டை ஒன்றை வாங்கிச் செருகிக்கொள்கிறோம். கடைகளில் அதனை 'மெமரி கார்டு' என்றே கேட்டு வாங்குகிறோம்.

கடைத்தெருவில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் இச்சிறு வாணிகத்தைப் பற்றித் தமிழ்த்துறை மலர் ஒன்றில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் வினவக்கூடும். இருக்கிறது என்பதே நம் கருத்து. அட்டை வாங்குவோர் பலரும் அதனைப் பெட்டகம் என்று எண்ணி வாங்குகின்றனர். அது பெட்டகம் அன்று, வழிப்பயணத்திற்கான பை. எடுத்துச் செல்வதற்கு அது மிகவும் ஏற்றது. வைத்துக் காப்பதற்கு அது மட்டும் போதாது. இவ்வேறுபாட்டை உணராமையால், மீண்டும் பெற முடியாத ஒலிகள் பல நம் இல்லங்களிலேயே அழிந்து வருகின்றன. ஆகவே, அட்டையைத் தேர்ந்து வாங்கும் முறையையும், வாங்கிய பின் நமக்குள்ள கடமையையும் ஈண்டு ஒருசேர எண்ணிப் பார்ப்போம்.

பாட்டுப்பெட்டி கைக்குள் அடங்கிய வரலாறு

ஒலியை எளியோர் இல்லங்களுக்கும் கொண்டு சேர்த்ததில் ஒலிப்பேழைக்கு, அதாவது 'கேசட்'டுக்கு, முதன்மையான இடம் உண்டு. லூ ஒட்டன்ஸ் என்னும் பொறியாளரின் தலைமையில் உருவான அதனை, நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்தியது. 1979 ஜூலையில் ஜப்பானின் சோனி நிறுவனம் 'வாக்மேன்' கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நடந்துகொண்டே, பிறருக்கு இடையூறின்றித் தாம் விரும்பியதைத் தாம் மட்டும் கேட்கும் வழக்கம் அதன்பின் உலகெங்கும் பரவியது. வாக்மேனில் இடப்பற்றாக்குறை என்னும் பேச்சே எழவில்லை. ஒரு பேழை முடிந்தால் மற்றொன்றைப் போட்டுக்கொள்ளலாம். கருவி வேறு, பேழை வேறு என்றிருந்தமையே அதற்குக் காரணம்.

அடுத்து எண்முறை ஒலி வந்தது. ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வு நிறுவனத்தாரும் பிறரும் சேர்ந்து வளர்த்த எம்.பி.3 என்னும் சுருக்கமுறை, 1990களின் தொடக்கத்தில் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. மனிதச் செவி எளிதில் பிரித்துணர இயலாத ஒலிக்கூறுகளைக் கழித்து, எஞ்சியவற்றை மட்டும் பதிவதே அதன் நுட்பம். குறுந்தட்டில் ஒரு நிமிட இசைக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் தேவைப்படுகிறது. அதனையே நொடிக்கு 128 கிலோபிட் என்னும் அளவில் சுருக்கினால் ஒரு மெகாபைட்டுக்குள் அடக்கிவிடலாம்.

இந்நுட்பத்தைக் கொண்டு 1998இல் தென்கொரியாவின் சேகான் நிறுவனம் 'எம்பிமேன்' என்னும் பாட்டுப்பெட்டியை வெளியிட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் டயமண்ட் மல்டிமீடியா நிறுவனம் 'ரியோ பி.எம்.பி.300' என்னும் பெட்டியைக் கொண்டுவந்தது. நாடாவோ சுழலும் தட்டோ அதில் இல்லை. எனினும், அதனுள் இருந்த நினைவகம் 32 மெகாபைட் மட்டுமே. மேற்கூறிய அளவில் அரைமணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான இசைக்குத்தான் அது போதும். ஒருமணி நேர ஒலிப்பேழையின் ஒரு பக்கத்தைப் போன்றது. ஆதலின் 'ஸ்மார்ட்மீடியா' என்னும் அட்டையைச் செருகிக்கொள்ள ஓர் இடத்தையும் அப்பெட்டியில் அமைத்திருந்தனர். அட்டை வாங்கிப் பாட்டுப்பெட்டியைப் பெருக்கும் வழக்கம், அப்பெட்டி விற்பனைக்கு வந்த நாள்முதலே தொடங்கிவிட்டது எனலாம்.

அப்பெட்டியை எதிர்த்து அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் 1998இல் வழக்குத் தொடுத்தது. 1999 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்சங்கத்தின் வாதத்தை ஏற்க மறுத்தது. ஒருவர் தம் கணினியில் ஏற்கெனவே உள்ள பாடல்களைத் தம் சொந்தப் பயனுக்காகக் கையடக்கப் பெட்டிக்கு மாற்றிக்கொள்வது, அந்நாட்டுச் சட்டத்தின் நோக்கத்திற்கு இசைந்ததே என்பது அத்தீர்ப்பின் சாரம். அதன்பிறகே இத்தகைய பெட்டிகள் தடையின்றிப் பெருகின.

அட்டையின் அகம்

நினைவட்டைக்கு அடிப்படையான 'பிளாஷ்' நினைவகத்தைக் கண்டறிந்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா. 1980களில் அவர் தம் கண்டுபிடிப்பை அறிஞர் உலகிற்கு அறிவித்தார். பதிந்தவை ஒரே வீச்சில் அழிக்கப்படும் பாங்கு, ஒளிப்படக் கருவியின் மின்னொளியை அவருடைய தோழர் ஒருவருக்கு நினைவூட்டியது; அதனால் இப்பெயர் வாய்த்தது என்பர்.

அட்டைக்குள் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் எலக்ட்ரான்கள் சிறைப்படுத்தப்படுகின்றன. அறையில் அடைபட்ட மின்னூட்டத்தின் அளவே பாட்டாகவும் பேச்சாகவும் பின்னர்ப் படிக்கப்படுகிறது. அறையைச் சுற்றி மின்கடத்தாச் சுவர் இருப்பதால், மின்சாரம் இல்லாதபோதும் பதிவு நிலைத்திருக்கிறது. ஆயினும் அச்சுவர் முழுமையான காவல் அன்று. ஆண்டுகள் செல்லச்செல்ல எலக்ட்ரான்கள் சிறிது சிறிதாகக் கசிகின்றன. வெப்பம் மிகுந்தால் கசிவு விரைவுபடுகிறது. கோடை வெயிலில் காய்ந்து கிடக்கும் பெட்டிக்குள்ளோ, பல்லாண்டு எவரும் தொடாத அலமாரிக்குள்ளோ கிடக்கும் அட்டை, பதிந்த அனைத்தையும் அப்படியே திருப்பித் தரும் என்று உறுதி கூற இயலாது. இதனை நெஞ்சில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

ஸ்மார்ட்மீடியாவுக்குப் பின் பலவகை அட்டைகள் தோன்றின. 1999இல் பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் கூடி எஸ்.டி. அட்டையை அறிவித்தன. 2005இல் அக்குடும்பத்தின் இளைய உறுப்பினராக மைக்ரோ எஸ்.டி. அட்டை வந்தது. நீளம் 15 மில்லிமீட்டர், அகலம் 11 மில்லிமீட்டர், கனம் 1 மில்லிமீட்டர். இன்று நாம் பாட்டுப்பெட்டிக்கென வாங்குவது பெரும்பாலும் இதனையே.

வாங்குமுன் எண்ண வேண்டியவை

முதலாவது, நம் பெட்டி அந்த அட்டையை ஏற்குமா என்பது. மைக்ரோ எஸ்.டி. அட்டைகள் யாவும் புறத்தோற்றத்தில் ஒன்றே. உள்ளே அவை வெவ்வேறு தலைமுறையைச் சேர்ந்தவை. 2 கிகாபைட் வரை உள்ளவை முதல் தலைமுறை. அதற்கு மேல் 32 கிகாபைட் வரை உள்ளவை எஸ்.டி.எச்.சி. என்னும் இரண்டாம் தலைமுறை. அதன் வரையறை 2006இல் வந்தது. அதற்கும் மேல் 2 டெராபைட் வரை உள்ளவை எஸ்.டி.எக்ஸ்.சி. என்னும் மூன்றாம் தலைமுறை. அதன் வரையறை 2009இல் வந்தது. முதல் தலைமுறைக்கென்று செய்த பெட்டியில் 32 கிகாபைட் அட்டை அழகாகச் செருகிக்கொள்ளும். ஆனால் பெட்டி அதனைப் படிக்காது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சினங்கொள்வதில் பயனில்லை. பெட்டியின் கையேட்டில் எவ்வளவு என்று குறித்திருக்கிறதோ அதனைப் பார்த்துவிட்டுக் கடைக்குச் செல்வதே முறை.

இரண்டாவது, எவ்வளவு வேண்டும் என்பது. 32 கிகாபைட் அட்டை ஒன்றில், நொடிக்கு 128 கிலோபிட் அளவிலான பதிவுகளை 555 மணி நேரத்திற்கு நிரப்பலாம். ஒருமணி நேர ஒலிப்பேழைகள் 550க்கு மேல் வைத்திருப்பதற்கு அஃது ஒப்பாகும். நாளொன்றுக்கு ஒருமணி நேரம் கேட்டாலும் முழுவதையும் ஒருமுறை கேட்டு முடிக்க ஒன்றரை ஆண்டுக்கு மேலாகும். இக்கணக்கை அறிந்தவர், இன்னும் பெரிதாக, இன்னும் பெரிதாக என்று விலையை உயர்த்திக்கொண்டு போகமாட்டார். இன்னொன்றும் இங்குக் கூறத்தக்கது. 32 கிகாபைட் என்று எழுதிய அட்டையைக் கணினி 29.8 என்று காட்டலாம். உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார். கணினியோ 1,024 ஆகப் பெருக்குகிறது. இஃது எண்ணும் முறையின் வேறுபாடேயன்றி ஏமாற்று அன்று.

மூன்றாவது, வேகத்திற்குக் கொடுக்கும் விலை. அட்டையின் மேல் வட்டமிட்ட 4, 6, 10 முதலிய எண்கள், ஒரு நொடியில் குறைந்த அளவாக எத்தனை மெகாபைட் எழுத முடியும் என்பதைக் குறிப்பன. உயர்தர எம்.பி.3 பாட்டை இசைப்பதற்கு நொடிக்கு 40 கிலோபைட் போதும். 10 என்று குறித்த அட்டையோ அதனைப்போல் 250 மடங்கு வேகத்தில் எழுத வல்லது. திரைப்படக் காட்சி பதிவோருக்கு அவ்வேகம் வேண்டியதாகலாம். பாட்டுக் கேட்போர்க்கு அதனால் வரும் நன்மை, கணினியிலிருந்து பாட்டுகள் சற்று விரைவாக ஏறும் என்பது மட்டுமே.

நான்காவது, அட்டை மெய்யானதா என்பது. போலிகள் இத்துறையில் மலிந்துள்ளன. சிறிய கொள்ளளவு உடைய அட்டையின் கட்டுப்பாட்டுச் சில்லைத் திருத்தி, பெரிய கொள்ளளவு உடையதுபோல் பொய் சொல்லச் செய்கின்றனர். 8 கிகாபைட் அட்டை 64 என்று கூறிக்கொள்ளும். கணினியும் அதனை நம்பும். முதல் 8 கிகாபைட் வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்குமேல் எழுதுபவை எங்கும் பதியாமல் போகும். அல்லது முன்பு எழுதியவற்றின் மேலேயே எழுதப்பட்டு இரண்டும் கெடும். பாடல்களின் பெயர்கள் மட்டும் வரிசையாகத் தெரியும். இசைத்தால் ஒலி வராது. வாங்கியவுடன் அட்டை முழுவதையும் ஒருமுறை நிரப்பி, திரும்பப் படித்துப் பார்ப்பதே இதனைக் கண்டறியும் வழி. இதற்கென 'எஃப்3' முதலிய மென்பொருள்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நம்பத்தகாத அளவு மலிவாக விற்கும் அட்டையை விலக்குவதும், ரசீது கேட்டு வாங்குவதும், சோதித்த பின்னரே அரிய பதிவுகளை ஏற்றுவதும் அறிவுடைமை.

நிரப்புவதில் நெறி

அட்டையை வாங்கியாயிற்று. அதனை எதைக் கொண்டு நிரப்புவது? கைப்பேசிக் கடைகளில் அட்டையைக் கொடுத்து, சிறுதொகை தந்து, நூற்றுக்கணக்கான பாடல்களை ஏற்றிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் பல்லாண்டு இருந்ததை யாவரும் அறிவோம். யார் பாடியது, யார் எழுதியது, யார் இசையமைத்தது என்னும் குறிப்பின்றிப் பாடல்கள் மூட்டை மூட்டையாக வந்திறங்கின. அவற்றுள் பெரும்பகுதியை எவரும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், ஒருவர் தம் சொந்தப் பயனுக்காக நேர்மையான முறையில் படைப்புகளைக் கையாள இடம் தருகிறது. பிறர் உழைப்பைப் படியெடுத்து விற்பதற்கு அஃது இடம் தரவில்லை. ஒலிப்பதிவு ஒன்றிற்கு, அது வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. பாடியவருக்கும் பதிந்தவருக்கும் உரியதைக் கொடுக்காமல் நிரப்பிய அட்டையை நம் செல்வம் என்று கூறிக்கொள்வது முறையாகாது. விலைக்கு வாங்கிய பாடலும், நாமே பதிந்த ஒலியும், நம் இல்லத்தில் உள்ள பேழையிலிருந்து நாமே மாற்றிக்கொண்டதும் மட்டுமே அட்டையில் ஏறட்டும். அட்டையில் இடம் மிச்சமிருந்தால் குறை ஒன்றுமில்லை.

சுமத்தல் வேறு, காத்தல் வேறு

இனி நாம் வலியுறுத்த விரும்பும் கருத்துக்கு வருவோம். ரியோ பெட்டிக்கென ஸ்மார்ட்மீடியா அட்டை வாங்கியவர்கள் இன்று அதனை என் செய்வார்கள்? அவ்வகை அட்டை 128 மெகாபைட்டுக்கு மேல் வளரவேயில்லை. அதனை ஏற்கும் புதிய பெட்டி எதுவும் இன்று வருவதில்லை. அட்டை பழுதின்றி இருந்தாலும் அதனைப் படிக்கும் கருவியைத் தேடி அலைய வேண்டும். சோனியின் மெமரி ஸ்டிக் அட்டைக்கும் ஏறத்தாழ இதே கதிதான். அட்டைக்குள் உள்ள மின்னூட்டம் கசிவது ஒருபுறம்; அட்டையின் இனமே வழக்கொழிவது மறுபுறம். அட்டை சிறிதாயிருப்பதால் தொலைந்து போவது மூன்றாவது இடர்.

அங்ஙனமாயின், காப்பதற்கு வழி யாது? நம் முன்னோர் அவ்வழியை நன்கறிந்திருந்தனர். பனையோலை நிலையானது அன்று. செல்லரிக்கும், முறியும், எழுத்து மங்கும். ஓலை அழியும் என்பதை அறிந்தே ஒவ்வொரு தலைமுறையினரும் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினர். சங்கப் புலவர் கைப்பட எழுதிய ஓலை ஒன்றுகூட இன்று இல்லை. ஆயினும் சங்கப் பாடல்கள் இருக்கின்றன. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது அவர் கையில் இருந்தவை, படியெடுத்தவற்றிலிருந்து படியெடுத்த ஏடுகளே. பெயர்த்தெழுதுவார் இல்லாமற்போன நூல்கள் பெயர் மட்டும் எஞ்சி மறைந்தன. ஏட்டுக்குப் பொருந்திய இவ்வுண்மை அட்டைக்கும் பொருந்தும். ஒரு படி என்பது காவல் அன்று. ஒன்றுக்கு மேற்பட்ட படிகள், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டால்தான் ஒலி தப்பிப் பிழைக்கும்.

இக்காலத்தில் எல்லாப் பாடல்களும் இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றனவே, அட்டை எதற்கு, படி எதற்கு என்று இளைஞர் கேட்பர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 2001இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐபாட் பெட்டியில் அட்டைக்கு இடமே வைக்கவில்லை; ஆயினும் உலகம் அதனை விரும்பி வாங்கியது. அவ்வரிசையும் 2022 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. 2021இல் சாம்சங் நிறுவனம் தன் கேலக்ஸி எஸ்21 கைப்பேசிகளில் அட்டை செருகும் இடத்தை நீக்கியது. உலகப் போக்கு அட்டைக்கு மாறாகவே செல்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். இணையத்தில் மாதக் கட்டணம் செலுத்திக் கேட்பது வாடகை வீட்டில் குடியிருப்பதைப் போன்றது. உரிமையாளர்களுக்குள் ஒப்பந்தம் முடிந்தால் நேற்றுவரை இருந்த பாடல் இன்று இல்லாமற்போகும். அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. விற்பனைக்கு வந்த ஒலிகளே அங்குப் பெரும்பாலும் கிடைக்கின்றன. விற்பனைக்கு வராத ஒலிகள் நம் வீடுகளில் மட்டுமே உள்ளன. அவற்றை எந்த நிறுவனம் நமக்காகக் காக்கப்போகிறது?

நம் இல்லங்களில் உள்ள பேழைகள்

நம் சமுதாயத்தார் நெஞ்சில் நாகூர் இ.எம். ஹனிபா (1925–2015) அவர்களின் குரல் நிலைத்திருக்கிறது. இசைத்தட்டில் ஒலித்த அக்குரல் ஒலிப்பேழைக்கு வந்தது. பேழையிலிருந்து குறுந்தட்டுக்கும் அட்டைக்கும் வந்தது. அவர்தம் புகழ்பெற்ற பாடல்களுக்கு இழப்பு நேரும் என்னும் அச்சம் நமக்கில்லை. பல்லாயிரம் படிகள் பரவியுள்ளன. நம் கவலை ஒரே ஒரு படி மட்டும் உள்ள ஒலிகளைப் பற்றியது.

வளைகுடா நாடுகளுக்குப் பொருள்தேடிச் சென்றோர், தொலைபேசிக் கட்டணம் எட்டாக் கனியாயிருந்த அந்நாளில், கடிதத்திற்கு மாற்றாக ஒலிப்பேழையில் பேசிப் பதிந்து அனுப்பியதை மூத்தோர் அறிவர். ஊருக்குச் செல்லும் நண்பர் கையில் பேழை வரும். வீட்டார் கூடியிருந்து கேட்பர். மறுபக்கத்தில் அத்தாவுக்குப் பிள்ளைகளும், மகனுக்குத் தாயும், கணவருக்கு மனைவியும் பேசி அனுப்புவர். எழுதத் தெரியாத பாட்டியின் பேச்சும், பேசப் பழகும் குழந்தையின் மழலையும் அவற்றில் உள்ளன. மணவிழாக்களில் பெண்கள் பாடிய பாட்டுகள், ஊர்ப் பெரியவர்களின் உரைகள், கல்லூரி மன்றங்களில் அறிஞர்கள் ஆற்றிய சொற்பொழிவுகள் ஆகியனவும் இவ்வாறே வீடுகளிலும் அலுவலகங்களிலும் பேழைகளாகக் கிடக்கின்றன.

தமிழ் பயில்வோர்க்கு இவை உறவின் நினைவுகள் மட்டும் அல்ல. மொழியின் சான்றுகளும் ஆகும். கடலோர ஊர்களின் பேச்சுவழக்கு, இன்று அருகிவரும் உறவுப்பெயர்கள், தாலாட்டின் மெட்டு, வணிகர் வழக்குச் சொற்கள் ஆகியவை எந்த அகராதியிலும் இத்துணை உயிர்ப்போடு பதியப்படவில்லை. நாடாவின் மேலுள்ள காந்தப்பூச்சு உதிர்கிறது, பூஞ்சை படர்கிறது, நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. பேசியவர்களுள் பலர் மறைந்துவிட்டனர். அவர்களிடம் மறுபடியும் பேசித் தருமாறு கேட்க முடியாது.

மாணவர் செய்யத்தக்கது

பாட்டுப்பெட்டிக்கு அட்டை வாங்கும் மாணவர் ஒவ்வொருவரையும் நாம் ஒன்று வேண்டுகிறோம். அட்டையில் முதலில் ஏற்றுவது உங்கள் இல்லத்துப் பேழை ஒன்றின் ஒலியாக இருக்கட்டும்.

செய்முறை கடினமானது அன்று. பேழையின் முதுகுப்புற விளிம்பில் உள்ள இரு சிறு தடுப்புகளை உடைத்துவிட்டால், தவறிப்போய் அதன்மேல் வேறொன்று பதிவாகாது. நாடாவை முழுவதுமாக முன்னும் பின்னும் ஒருமுறை ஓடவிட்டு, கருவியின் படிப்புமுனையைத் துடைத்தபின் இசைக்க வேண்டும். ஒலிப்பானின் காதணி துளையிலிருந்து கணினியின் ஒலி உள்வாங்கும் துளைக்குக் கம்பி இணைத்து, 'ஆடாசிட்டி' போன்ற கட்டணமற்ற மென்பொருளில் பதியலாம். கணினியில் அத்துளை இல்லையெனில், யு.எஸ்.பி. வழி இணைக்கும் சிறு இணைப்பான் கடைகளில் கிடைக்கிறது. ஒருமணி நேரப் பேழைக்கு ஒருமணி நேரம் செலவாகும். இதில் குறுக்குவழி தேடுதல் நன்றன்று.

பதிந்ததைச் சுருக்காமல் வைத்தால் ஒருமணி நேரத்திற்கு ஏறத்தாழ 635 மெகாபைட் ஆகும். இதுவே மூலப்படி. இதனைக் கணினியின் வன்தட்டில் ஒன்றும், வேறோர் உறவினர் வீட்டில் மற்றொன்றுமாக வைக்க வேண்டும். இதிலிருந்து எம்.பி.3 ஆகச் சுருக்கிய படி 58 மெகாபைட் அளவே இருக்கும். பாட்டுப்பெட்டியின் அட்டையில் ஏற வேண்டியது இப்படியே. அட்டை தொலைந்தாலும் கெட்டாலும் அப்போது இழப்பு அட்டையின் விலையோடு நிற்கும். பேசியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, யாருக்காகப் பேசியது என்னும் குறிப்பையும் உடன் எழுதி வைத்தல் இன்றியமையாதது. பெயரில்லாத குரல் அடுத்த தலைமுறைக்கு அயலார் குரலாகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை படிகளை இசைத்துப் பார்த்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியனவற்றிற்கு மாற்றிவிட வேண்டும்.

இல்லத்துக் குரல்கள் இல்லத்தாருக்கே உரியவை. கணவன் மனைவியர் பேச்சு ஊரார் கேட்பதற்கன்று. பேசியவரிடமோ அவர்தம் பிள்ளைகளிடமோ ஒப்புதல் பெறாமல் எதனையும் பிறருக்கு அனுப்புதல் கூடாது. பொதுவில் வைக்கத்தக்க பாடல்களையும் சொற்பொழிவுகளையும் மட்டும், உரியவர் இசைவோடு, கல்லூரித் தமிழ்த்துறைகள் பட்டியலிட்டுத் தொகுக்கலாம். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த அறிஞர்கள் வாழ்ந்த நாட்டில், பேழை தேடி நம் தெருக்களிலேனும் நடப்பது நமக்கு அரிய செயலாகாது.

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. இசைக்கும் கருவி பழுதாகிவிட்டது என்பதற்காகப் பேழைகளைப் பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பேழையின் மேல் எழுதியிருப்பது மங்கியிருந்தால், உங்கள் நினைவில் உள்ளதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அதனுள் ஒலிக்கும் குரல் யாருடையது என்று சொல்லக்கூடியவர் இன்று நீங்கள் ஒருவராகவே இருக்கலாம்.

நினைவட்டை நல்ல கருவி. அதனை நாம் பழிக்கவில்லை. பாட்டுப்பெட்டியைப் பெருக்க விரும்புவோர் தாராளமாக வாங்கட்டும்; பெட்டிக்கு ஏற்றதாக, மெய்யானதாக, தேவைக்கு மிகாததாக வாங்கட்டும். ஆனால் நினைவு என்னும் பெயரை அட்டைக்குச் சூட்டிவிட்டு, நினைவில் வைக்கும் பொறுப்பையும் அதனிடமே விட்டுவிடுதல் தகாது. வரும் விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒரு பேழையை மாற்றி, மூன்று படிகள் வைத்தாலும் போதும். ஒரு வகுப்பில் 50 மாணவர் என்றால், 50 இல்லங்களின் குரல்கள் அழிவினின்று மீளும்.